முனைவர் பட்ட ஆய்வு இழுத்துக்கொண்டே போகாமலிருக்க

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டுகளும், மறுபதிவு செய்யாதவர்களுக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகளும் உண்டு. பெண்களுக்கு இதில் மேலும் 2 ஆண்டுகள் வரை தளர்வு அளிக்கப்படலாம்.

ஆய்வு பாதியில் நின்றுபோவதற்கு அறிவுக்குறைவைவிட, நெறியாளருடனான தொடர்பு மெல்ல அறுந்துபோவதே பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே, ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றே, பேசியவை, செய்ய வேண்டியவை, அடுத்த சந்திப்பின் தேதி ஆகிய மூன்றையும் ஐந்தாறு வரிகளில் எழுதி நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சு பின்னர் எழாது. எழுந்தாலும் கையில் சான்று இருக்கும்.

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்ற அறிக்கை அளிப்பதை வெறும் சடங்காகக் கருதாமல், அதையே சாக்காக வைத்து ஓர் இயலின் வரைவையாவது எழுதி முடித்துவிட்டால், ஆய்வேடு கடைசி ஆண்டின் சுமையாக வந்து நிற்காது. தரவு முழுவதும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முன்னாய்வுகள் பற்றிய இயலை முதல் ஆண்டிலேயே தொடங்கலாம்.

இன்னொன்று: நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன், மேற்கோளின் பக்க எண்ணையும் பதிப்பாண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.