ஆப்பிரிக்க நாடகம் பத்திப் பேசுறப்ப நாம சொதப்புற இடங்கள்

வாயைத் திறந்ததுமே வர்ற தப்பு, "ஆப்பிரிக்கக் கதை"ன்னு மொத்தத்தையும் ஒரே மூட்டையா கட்டிடுறது. கானாவுல அகான் ஜனங்க ராத்திரி கூடி உக்காந்து சொல்ற அனான்சி சிலந்திக் கதை வேற, மாலி பக்கம் ஜெலி குடும்பங்க பரம்பரைத் தொழிலா 21 தந்தி கோரா வாசிச்சுப் பாடுற சுந்தியாட்டா ராஜா வரலாறு வேற. எந்த ஊரு, எந்த மொழின்னு முதல்ல சொல்லிடுங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துரும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. ஆப்பிரிக்க ஜனங்க தங்க கதைய தாங்களே சொல்றதுன்னா யாரோ ஒரு பெரிய எழுத்தாளர் எழுதிக் குடுக்க, ஜனங்க கைதட்டிட்டுப் போறதுன்னு நெனச்சுக்குறோம். கென்யாவுல லிமுரு பக்கம் கமிரீத்துன்னு ஒரு ஊரு, 1977ல கூகி வா தியாங்கோவும் கூகி வா மீரியும் (ரெண்டு பேருமே கூகி தான், குழப்பிக்காதீங்க) அந்த ஊரு ஜனங்க பேசுற கிகுயு மொழியில ஒரு நாடகம் எழுதிட்டுப் போனா, அந்த ஊரு விவசாயிங்களும் கூலி ஆளுங்களும் வயசானவங்க இப்படிப் பேச மாட்டாங்க, இந்தப் பாட்டு இப்படி இல்லன்னு ஸ்கிரிப்ட்டையே திருத்துறாங்க, ரிகர்சல் திறந்த வெளியில, யார் வேணா வந்து குறை சொல்லலாம், 2,000 பேர் உக்கார்ற அரங்கத்தையும் அவங்களே கட்டுறாங்க. அக்டோபர்ல மேடை ஏறுச்சு, நவம்பர்ல லைசென்ஸ் ரத்து, டிசம்பர் கடைசியில தியாங்கோ கைது, விசாரணையே இல்லாம ஒரு வருஷம் உள்ள. அதே வருஷம் இங்கிலீஷ்ல வந்த அவரோட நாவலும் ஆட்சியில இருந்தவங்களைக் கிழிச்சது தான், அது வெளிவந்தப்ப யாரும் அவரைத் தூக்கல. அதனால மொழியை ஏதோ அலங்காரம் மாதிரி ஓரத்துல ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடாதீங்க. 1982ல போலீஸ் அந்த அரங்கத்தையே இடிச்சுத் தள்ளுச்சு.

நைஜீரியா நாடக ஆசிரியர் வோலே சோயிங்கா பத்தி எழுதுறவங்க "இரு பண்பாடுகளின் மோதல்"னு ஒரு வரி கண்டிப்பா போட்டுருவாங்க. ராஜாவோட குதிரைக்காரனைப் பத்தின அவரோட 1975 நாடகத்துக்கு முன்குறிப்புலயே அப்படிப் படிக்காதீங்கன்னு மனுஷன் கடுப்பா எழுதி வச்சிருக்காரு! அதுல வெள்ளைக்கார அதிகாரி ஒரு சாக்கு, ராஜா செத்ததும் வழக்கப்படி தானும் சாக வேண்டிய அந்தக் குதிரைக்காரன் கடைசி நேரத்துல ஏன் தயங்குனான்ங்கிறது தான் விஷயம்.

மேடையில போடுறவங்களுக்கு: இலை தழை, முகத்துல வெள்ளைப் புள்ளி எல்லாம் வேணாமே. 1981ல ஜோகன்னஸ்பர்க்ல வந்த "வோசா ஆல்பர்ட்" நாடகத்துல நடிச்சது ரெண்டே பேரு, ஒரு ரோஸ் கலர் மூக்கை மாட்டிக்கிட்டா வெள்ளைக்காரன், அவ்ளோதான் மேக்கப்.

அப்புறம் அந்தப் பாட்டுங்க. அனான்சி கதை ஓடிக்கிட்டு இருக்கும்போதே கேக்குறவங்கள்ல ஒருத்தர் நடுவுல புகுந்து பாட்டெடுப்பாரு, அதுக்குப் பேரு ம்போகுவோ, கானாவோட எஃபுவா சதர்லேண்ட் அதை அப்படியே தன்னோட நாடகத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. நேரம் இல்லன்னு நாம முதல்ல கத்திரி போடுறது அங்க தான்.