வெயில் காயும் தோட்டமா? காகிதப்பூ வையுங்கள்

நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடம், தண்ணீரும் அளவாகத்தான் கிடைக்கும் என்றால் ரோஜாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி, ஆவாரை என்று வையுங்கள். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும்.

அந்த வேர் பிடிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வறட்சி தாங்கும் செடிதானே என்று முதல் கோடையிலேயே காயவிட்டுவிடுவார்கள். முதல் வருடம் தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஆனால் தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலாகவே நின்றுவிடும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மண் ஆழமாக நனையும்படி ஊற்றினால், ஈரத்தோடு வேரும் கீழே இறங்கும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், புரட்டாசியில் நட்டால் பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

காகிதப்பூ இலையாகவே தழைக்கிறது, பூவைக் காணோமா? பெரும்பாலும் தண்ணீரோ யூரியாவோ அதிகமாகியிருக்கும். வளர்ந்த செடி என்றால், இலை லேசாகத் தொங்கும்வரை காயவிட்டு ஊற்றுங்கள். ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் புதுத் தளிரில் மறுபடி பூக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முள் சும்மா விடாது, நான் பட்டிருக்கிறேன்.

அப்புறம், செடியைச் சுற்றி 2 அங்குலத்துக்குச் சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம், அழுகும். அரளியின் எல்லாப் பாகமும் விஷம், நித்தியகல்யாணியும் வாயில் வைக்கக் கூடாதது. சின்னப் பிள்ளைகளோ ஆடு மாடோ உள்ள வீட்டில் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.