வளவுத் தேக்கும் படகுத் தேக்கும்

காரைக்குடிப் பக்கம் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில், பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து வளர்ந்தவன் நான். மரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வெளிநாட்டில், பழைய பந்தயப் பாய்மரப் படகுகளைச் செப்பனிடும் பட்டறையில் சேர்ந்த முதல் மாதமே அந்த நினைப்பு போய்விட்டது.

முதல் தவறு பெயரிலேயே. ‘12 மீட்டர்’ வகுப்புப் படகுக்கு நீளம் 12 மீட்டர் என்று நினைத்து டேப்பை நீட்டினேன். ஏறக்குறைய 20 மீட்டர் ஓடியது! 1907-இல் வந்த விதிப்படி நீளம், பாயின் பரப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் வரும் விடைதான் அந்த 12. 1958 முதல் 1987 வரை அமெரிக்கா கோப்பைப் பந்தயத்தில் ஓடியவை இவைதான்.

அடுத்தது பெரிய தவறு. நார்வேக்காரர் யோஹன் அங்கர் 1929-இல் வரைந்த டிராகன் வகுப்பில் ஒரு பழைய மரப் படகு. மாதக்கணக்கில் கரையில் காய்ந்து, பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. பட்டி போட்டு இறுக அடைத்துவிடலாம் என்றேன். மேஸ்திரி கத்தியே விட்டார். ஐப்பசி மழையில் நம் நிலைக்கதவு எப்படி இறுகிக்கொள்கிறது? அதேபோலத் தண்ணீரில் இறங்கினால் பலகை உப்பும். உப்ப இடமில்லாவிட்டால் உள்ளேயிருக்கும் விலாச்சட்டம் முறியும். பலகையை ஈரப்படுத்தி, வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும். இறக்கிய பிறகும் கயிற்றுப் பட்டையில் தாங்கியபடி ஓரிரு நாள் விட்டு, பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கசிவு தானாக அடங்கும்.

முற்றத்தில் விழும் மழையைக் கிடாரத்தில் பிடித்துப் பழகியவர்களுக்கு இன்னொன்று நம்பக் கஷ்டம்: மரப் படகுக்குக் கடல்நீரைவிட மழைநீர்தான் எமன். மூலையில் தேங்கினால் காளான் பிடித்து உளுத்துவிடும். மூடுதுணிக்கு அடியில் காற்று ஓட வேண்டும்.

மேல்தளத் தேக்கை இழையோடு அழுத்தித் தேய்க்கக் கூடாது. மென்மையான பகுதி அரித்துப் பள்ளம் விழும். குறுக்காக, மெல்லிய பிரஷ், உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். தூணுக்குப் பூசுவதுபோல எண்ணெய் பூசினால் அழுக்கு ஒட்டிக் கறுக்கும்.

அப்புறம் பித்தளைத் திருகாணி. எங்கள் வீட்டுக் கதவில் பித்தளைக் குமிழ்கள் தாத்தா காலத்திலிருந்து மின்னுகின்றன. கடல்நீரிலோ பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், வலுவில்லாத செம்பு மட்டும் மிஞ்சும்; சிலிக்கான் வெண்கல ஆணிதான் தாங்கும். அந்த டிராகனில் யாரோ போட்டிருந்த பித்தளைத் திருகாணியில் திருப்புளியை வைத்தேன். தலை மட்டும் கையோடு வந்தது. முறிந்த இடம் செங்கல்பொடி நிறத்தில் இருந்தது.