ஒளியிழைக்கு ஒளிர்பூச்சு: யாழ்ப்பாண வெயிலில் கழியூதாவை அளக்க

கழியூதாக் (யூவி) கதிர் சாதாரண பிளாஸ்ரிக் ஒளியிழைக்குள் தூரம் போகாது. ஆகவே இழையின் நுனியிலேயே அதைச் சிவப்பொளியாக மாற்றிவிட வேண்டும். யூரோப்பியம் கலந்த இயிற்றியம் ஒட்சிசல்பைட்டுத் தூள் இதற்குத் தோது. 365 நனோமீற்றர்க் கதிரை வாங்கி 626 இல் ஒளிரும். சலவைத்தூளிலுள்ள வெண்மையூட்டியும் ஒளிரும்தான், ஆனால் வெயிலில் சீக்கிரம் செத்துப்போகும். தூளுக்காகப் பழைய ரீவிக் குழாயை மட்டும் உடைக்க வேண்டாம். சிலவற்றில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது.

1 மில்லிமீற்றர் இழையின் நுனியில் 3 சென்ரிமீற்றருக்குக் கறுப்பு உறையை உரியுங்கள். உள்ளே மெல்லிய மேலுறை ஒன்று உண்டு. அதை 1000 ஆம் இலக்க ஈரச் சாண்ட் பேப்பரால் உரசி எடுங்கள். அசற்றோன் பக்கமே போகவேண்டாம், இழை மயிர்போல வெடிக்கும். மற்ற முனையில் சிவப்பு லேசரைப் பிடித்தால் உரசிய பகுதி முழுக்க ஒரே சீராக மினுங்க வேண்டும். ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்றால் அது பிளேட் வெட்டு. அந்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

2 கிராம் எப்பொக்சிக்கு 1 கிராம் இறுக்கி (உங்கள் போத்தலில் 2:1 என்றிருந்தால்), 0.6 கிராம் தூள். கலந்து உரசிய பகுதியில் பூசுங்கள்; 0.2 மில்லிமீற்றர் தடிப்பு போதும். தடித்தால் வெளித்தூளே கழியூதாவைக் குடித்துவிடும், சிவப்பு உள்ளே எட்டாது. தூள் பாரமானது, கீழே இறங்கும்; எனவே இறுகும்வரை இரண்டு நிமிடத்துக்கொருக்கால் இழையைக் கால்வட்டம் திருப்புங்கள். சிலிக்கோன் சரிவராது: அதன் ஒளிமுறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) இழையினதைவிடக் குறைவு, பிறந்த ஒளி இழைக்குள் தங்காது. மாரியில் பூசினால் மேலே பிசுபிசுப்பு வரும். இறுகிய பின் இளஞ்சூட்டுத் தண்ணீரால் துடைத்தால் போய்விடும்.

வாங்கும் முனையில் பிபிடபிள்யூ34 ஒளி இருவாயி (ஒளியை மின்னோட்டமாக்கும் கூறு); அந்த மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்கும் பெருக்கியில் 10 மெகாஓம் பின்னூட்டத் தடை. கடையில் ‘எஃப்’ போட்ட கறுப்பு வகையைத் தந்தால் வாங்காதீர்கள், அதற்கு அகச்சிவப்பு மட்டுமே தெரியும். பூச்சின் மேல் கழியூதாவை மட்டும் விடும் கறுப்புக் கண்ணாடி. அது 700 நனோமீற்றருக்கு அப்பாலும் கொஞ்சம் கசியும் என்பதால், இருவாயிக்கு முன்னால் 625 ஐ மையமாகக் கொண்ட ஒடுங்கிய வடிகட்டியும் தேவை.

ஏப்ரல் நடுவில், புத்தாண்டுப் பொழுதில், சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும்; அந்த நண்பகல்தான் அளவு பொருத்த நல்ல நேரம். பூச்சின் மேல் ஒரு பொலிகாபனேற்றுத் தகட்டைப் பிடியுங்கள். அது கழியூதாவை மறிக்கும்; வாசிப்பு கிட்டத்தட்டப் பூச்சியமாக வேண்டும். மிச்சம் நிற்பது வழிதவறிய ஒளி, அதைக் கழித்துவிடுங்கள். எப்பொக்சி வெயிலில் மஞ்சளாகும்; வாசிப்பு மாதத்துக்கு மாதம் இறங்கினால் சுற்றைக் குடையாமல் முதலில் பூச்சின் நிறத்தைப் பாருங்கள்.