அப்பாவை இழந்த நண்பருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

துஷ்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். நம்ம குமரி மாவட்டத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் வளைகுடாவிலும் பெங்களூரிலும் ஆழ்கடல் தொழிலிலும் இருப்பவர்களால் நினைத்தவுடன் வர முடிகிறதா? அவர்களுக்காகத்தான் இது. போய்வந்தவர்களும் எழுதலாம், அந்தக் கூட்டத்தில் என்ன பேசியிருக்க முடியும்?

1. செய்தி கேட்ட அன்றே போன் செய்யுங்கள். கடிதம் பிந்தலாம். 16-ஆம் நாள் அடியந்திரச் சடங்கோ வீட்டு ஜெபமோ முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, பந்தலும் பிரித்த பிறகு வந்தால் நண்பர் அதை நிதானமாக வாசிப்பார்.

2. முதல் வரி நேராக இருக்கட்டும்: "அப்பா இறந்த செய்தி கேட்டதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது, மக்கா." கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், இறைவனடி சேர்ந்தார் என்பதெல்லாம் அந்தந்த வீட்டுப் பேச்சு. நண்பர் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதுங்கள். தெரியாவிட்டால் சாதாரணமாக எழுதுங்கள்.

3. கடிதத்தின் உயிர் இங்கேதான். அவருடைய அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு சம்பவத்தை எழுதுங்கள். "நல்ல மனுஷன்" என்று ஊரே சொல்லியிருக்கும். நீங்கள் பார்த்ததை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும். ஒரு மாதிரி:

"பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்றைக்கு நீ முன்னாடியே போய்விட்டாய். மாமா பால்வெட்டு முடித்த கையோடு வந்து, என்னை சைக்கிளில் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவிட்டார். கையில் ரப்பர் பால் வாசம். 'பேடிக்காத மக்கா, தெரிஞ்சத எழுது' என்றார்."

நண்பர் அன்று அங்கே இல்லை. அவருக்கே தெரியாத அப்பாவை இந்த நாலு வரி அவர் கையில் கொடுக்கிறது. அழுவாரே என்று தயங்க வேண்டாம். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவார்.

4. "வயசானவர்தானே", "கஷ்டப்படாமல் போய்விட்டார்", "இனி நீதான் குடும்பத்தைத் தாங்கணும்", இந்த மூன்றும் வேண்டாம். எப்படி இறந்தார் என்றும் கேட்காதீர்கள். வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பார்.

5. "என்ன உதவி வேணும்னாலும் கேள்" என்று எழுதினால் யாரும் கேட்பதில்லை. செய்யப்போவதைச் சொல்லுங்கள்: "திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு நானும் வாறேன்." இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அது முடிந்ததா என்று அவருடைய தம்பியிடமோ மச்சானிடமோ விசாரித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருந்தால் அடுத்து எப்போது கூப்பிடுவீர்கள் என்று எழுதி, அதேபோல் கூப்பிடுங்கள்.

6. கடைசியில் "பதில் எழுதாண்டாம்" என்று ஒரு வரி. கையால் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். பிள்ளையார் சுழியோ மஞ்சளோ வேண்டாம். உறையில் வீட்டுப் பெயர், விளை, தபால் நிலையம், 629-இல் தொடங்கும் பின்கோடு எல்லாம் வழக்கம்போல. நண்பர் பெயருக்குக் கீழே "த/பெ" என்று எழுதும் பழக்கம் இருந்தால், இந்த ஒரு கடிதத்தில் அதை விட்டுவிடுங்கள்.