உரையாடல் பெட்டிகளின் அசைவு: எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது?

கோப்பை அழிக்கட்டுமா, ஆவணத்தைச் சேமிக்கட்டுமா என்று கேட்கும் சிறு உரையாடல் பெட்டிகள் இப்போதெல்லாம் சட்டென்று தோன்றுவதில்லை. மெல்லப் பெரிதாகியோ மங்கலிலிருந்து தெளிந்தோ வந்து நிற்கின்றன. இந்த அசைவு உதவியா இடைஞ்சலா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. பெட்டி எங்கிருந்து வந்தது, என்ன நடந்தது என்று தெரிவிக்கும் அசைவை வைத்துக்கொண்டு, வெறுமனே காக்கவைக்கும் அசைவை நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து.

படி 1: தகவல் சொல்லும் அசைவை இனங்காணுங்கள்

2001இல் வெளிவந்த, ஆப்பிளின் மேக் கணினிகளுக்கான இயங்குதளமான மேக் ஓஎஸ் எக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கைந்து ஆவணங்கள் திறந்திருந்தாலும், சேமிக்கவா என்று கேட்கும் பெட்டி உரிய ஆவணத்தின் தலைப்புப் பட்டையிலிருந்தே கீழிறங்கி வந்ததால், கேள்வி எந்த ஆவணத்தைப் பற்றியது என்ற ஐயமே எழவில்லை. மேக்கில் கடவுச்சொல்லைத் தவறாக இட்டால், 'இல்லை' என்று தலையாட்டுபவரைப்போல அந்தப் பெட்டி இடவலமாக ஆடும். பிழைச்செய்தியைப் படித்து ஓகே பொத்தானை அழுத்தும் வேலை நமக்கு மிச்சம்.

படி 2: அசைவை மெதுவாக்கிப் பாருங்கள்

கால் விநாடியில் முடிந்துவிடுவதைக் கண்ணால் எடைபோடுவது கடினம். ஆண்ட்ராய்டு போன் இருந்தால், செட்டிங்ஸில் அபௌட் போன் பகுதிக்குச் சென்று (சில போன்களில் அதற்குள் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்) பில்ட் நம்பரை 7 முறை தட்டுங்கள். அதுவரை மறைந்திருந்த டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதி செட்டிங்ஸில் தோன்றும். அங்குள்ள விண்டோ அனிமேஷன், ட்ரான்சிஷன் அனிமேஷன், அனிமேட்டர் டியூரேஷன் ஆகிய மூன்று ஸ்கேல்களையும் 5 மடங்காக்கிவிட்டு, ஏதேனும் ஒரு படத்தை அழிக்கப்போவதுபோல் தொடங்கி, பெட்டி வந்ததும் கேன்சல் செய்யுங்கள். பெட்டி நீங்கள் தொட்ட இடத்திலிருந்து எழுகிறதா, திரையின் நடுவில் காரணமின்றி முளைக்கிறதா, பின்னணி மங்கி 'முதலில் இதற்குப் பதில் சொல்' என்று உணர்த்துகிறதா என்பதெல்லாம் அப்போது தெளிவாகத் தெரியும்.

பார்த்து முடித்ததும் மூன்றையும் 0.5 மடங்குக்கு மாற்றுவது நல்லது. அடியோடு நிறுத்தினால், சில செயலிகளில் வேலை நடப்பதைக் காட்டும் சுழல் வட்டமும் உறைந்துபோய், செயலியே நின்றுவிட்டதோ என்று எண்ணவைக்கும்.

படி 3: விண்டோஸ் 11இல் தேர்ந்து நிறுத்துங்கள்

விண்டோஸ் விசையுடன் யூ விசையை அழுத்தி, விஷுவல் எஃபெக்ட்ஸுக்குள் இருக்கும் அனிமேஷன் எஃபெக்ட்ஸை அணைத்தால் பெரும்பாலான அசைவுகள் ஒரேயடியாக நின்றுவிடும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க விரும்பினால், ஸ்டார்ட் மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் என்று ஆங்கிலத்தில் தேடி, விண்டோஸின் தோற்றத்தையும் வேகத்தையும் மாற்றுவதற்கான பெட்டியைத் திறந்து, அனிமேட், ஃபேட் என்று தொடங்கும் வரிகளில் வேண்டாதவற்றின் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு அப்ளை கொடுங்கள். அங்கேயே மேலே தெரியும் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' தேர்வை நாடாதீர்கள். அது எழுத்துகளின் விளிம்பை மென்மையாக்கும் வசதியையும் சேர்த்தே அணைத்துவிடுவதால், ழ, ஞ போன்ற எழுத்துகளின் வளைவுகள் படிக்கட்டுபோல் உடைந்து தெரியும்.

படி 4: தலைசுற்றல் உள்ளவர்களுக்கு

அசைவைக் கண்டால் தலைசுற்றலோ குமட்டலோ வருமென்றால், முந்தைய படிகளைத் தாண்டி நேரே இங்கு வரலாம். 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோது, திரை முழுவதும் பாய்ந்து பெரிதாகும் அசைவுகளால் பலர் அவதிப்பட, அடுத்த மாதமே வந்த 7.0.3 பதிப்பில், ரெட்யூஸ் மோஷன் என்ற தேர்வை இயக்கினால் அவற்றுக்குப் பதிலாக ஒன்று மங்கி மற்றொன்று தெளியும் மாற்றத்தை ஆப்பிள் சேர்த்தது. ஐபோனின் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, மோஷன் என்று சென்று ரெட்யூஸ் மோஷனை இயக்குங்கள். மேக்கிலும் ஆக்சஸிபிலிட்டி பகுதியில் இதே பெயரில் இருக்கிறது.