நள்ளிரவுப் பசியை விடியற்காலையில் பிடியுங்கள்

முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் தினமும் இரண்டு முறை இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன். ஏழரைக்கு விடுதி மெஸ்ஸில் இரண்டு சப்பாத்தி. அறைத்தோழி தூங்கிய பிறகு, ஒரு மணிக்கு, அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா. காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டும். வெறும் காபியோடு வகுப்புக்கு ஓடுவேன். அந்தக் காலைப் பட்டினிதான் நள்ளிரவில் வந்து கணக்குக் கேட்கிறது என்பது புரிய எனக்கு ஒரு பருவம் பிடித்தது.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் ஏழு இரவுகளில் நான்கில் பசியே இல்லை. ஒரு நாள் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், ஒரு நாள் வீட்டிலிருந்து போன். அப்படிப்பட்ட இரவில் டப்பாவைத் திறக்குமுன் யாரையாவது எழுப்பிப் பேசுங்கள். தோழிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது காலை. நான்கு இட்லியை வலுக்கட்டாயமாகத் திணிக்க வேண்டாம். ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் பால் போதும். எனக்குப் பத்து நாளில் இரண்டு இட்லி இறங்கியது. மாலை ஐந்துக்குச் சுண்டல். காபியை மூன்று மணியோடு நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடலில் இருக்கும்.

ஏழரைக்குச் சாப்பிட்டு ஒரு மணி வரை படித்தால் பசிக்கத்தான் செய்யும், அது குற்றமல்ல. பத்து மணிக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையைக் கிண்ணத்தில் போட்டு, போனை வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவில் அதிகம் தின்றுவிட்டால் மறுநாள் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

இதற்கும் அடங்காத நிலை ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955இல் அதை விவரித்தார். இன்று அதன் அடையாளங்களாகச் சொல்லப்படுபவை இவை: அன்றாட உணவில் கால் பங்கோ அதற்கு மேலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உண்பது, அல்லது வாரம் இரண்டு முறையாவது தூக்கத்திலிருந்து எழுந்து உண்பது, கூடவே காலையில் பசியின்மை, தூக்கமின்மை, பொழுது சாய்ந்தால் மனச்சோர்வு. இவை மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவரையோ கல்லூரி ஆலோசகரையோ பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் காத்திருக்காமல் அன்றே 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை, இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

நான் மூன்று வாரம் தயங்கித்தான் ஆலோசகரின் கதவைத் தட்டினேன். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று நான் திணறியபோது, அவர் அதைத்தான் முதலில் வாங்கிப் படித்தார்.